ஆறு இலக்கமும் அடையாறு அத்திம்பேரும்

என் மனைவிக்கும் இன்னொரு மனிதருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. ஆறு இலக்க எண். அந்த மனிதர் அவளுடைய அக்காவின் கணவர், எனக்கு ஷட்டகர். அவள் அவரை அத்திம்பேர் என்று கூப்பிடுவாள். நான் சார் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உறவு சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் வந்துவிடுவாரோ என்று பயம்.

மனைவியின் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில், எங்கள் கூடத்திலேயே நடக்கிறது. முகூர்த்தத்தின்போது கல்யாணப் பெண் ஒன்பது கஜம் கூறைப்புடவையை மடிசாராகக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கட்டிக்கொள்ளவோ கட்டிவிடவோ யாருக்கும் பொறுமை இல்லை. புடவையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இவள் கொசுவத்தை மடித்துத் தைத்து இடுப்பில் கொக்கி வைத்துத் தருவாள். காலை நுழைத்து மேலே இழுத்துக் கொக்கியை மாட்டினால் மடிசார். மண்டைவெளியிலிருந்து ஒரு பெண்மணி வந்து மிஷினில் தைக்கிறாள். அளவெடுப்பது, வெட்டுவது, பேசுவது எல்லாம் என் மனைவி.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் இருக்கும் அவளுடைய ஃபோன் நம்பர்தான் கடை. மேற்கு மாம்பலத்தில் ஒருத்தி தன் நாத்தனாருக்குச் சொல்வாள், அவள் நியூஜெர்சியில் இருக்கும் தன் சிநேகிதிக்குச் சொல்வாள். அந்த நம்பர் போனால் கடை போயிற்று.

நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு நாள் காலை அவளுடைய ஃபோன் இருபத்து மூன்று தடவை அடித்தது. என்னுடையது ஒரு தடவை. எடுத்தேன், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று பார்த்தால் வயதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இந்தத் தொழிலில் எனக்கென்று ஒரு இடம் வேண்டுமே என்று காவல் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். செய்தித்தாளில் இணைய மோசடி பற்றி எது வந்தாலும் கத்தரித்து வைத்துக் காப்பி நேரத்தில் வாசிப்பேன். கல்யாணப் பத்திரிகை என்று பெயர் போட்டு ஒரு கோப்பு வரும். திறந்தால் பத்திரிகை இருக்காது, ஃபோனுக்குள் திருடன் வந்து உட்கார்ந்திருப்பான். உங்கள் பார்சல் நின்றுவிட்டது, முகவரியைச் சரிபார்க்க இங்கே அமுக்குங்கள் என்று வரும். பணம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ள இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்கள் என்று வரும். ஸ்கேன் பண்ணினால் வராது, போகும். இவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே “சரி, சரி” என்பாள். இதையே ஞாயிற்றுக்கிழமை ஷட்டகர் சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். திங்கட்கிழமை என்னிடமே வந்து, “அத்திம்பேர் சொன்னார், அந்த மாதிரி கட்டத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணக் கூடாதாம்” என்பாள்.

அவர் தொலைபேசித் துறையில் இருந்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். தலைமுடி முழுக்க இருக்கிறது. பல், என் கணக்குப்படி, நான்குதான் போயிருக்கிறது, எனக்குப் பதினொன்று. மைத்துனி காலமான பிறகு ஞாயிறு தவறாமல் அடையாறிலிருந்து வருவார். அவருக்குக் காப்பி கொடுக்கும் டம்ளர் பெரியது. என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தண்ணீர் ஊற்றி அளந்தும் பார்த்துவிட்டேன். கால் டம்ளர் கூடக் கொள்ளும்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் அந்த ஆறு இலக்கம் வந்தது.

“இதோ பாரு,” என்றார் அவளிடம். “உன் வாட்ஸ்அப்பை எவனாவது வேற ஃபோன்ல போட்டுக்கப் பாத்தா, கம்பெனிக்காரன் உனக்கு மெசேஜ்ல ஒரு நம்பர் அனுப்புவான். அது முதல் பூட்டு. அதை ஏமாத்தி வாங்கிட்டான்னா என்ன பண்றது? அதுக்குத்தான் ரெண்டாவது பூட்டு. ஆறு நம்பர், நீயே வெச்சுக்கறது. உனக்கு மறந்துபோனா நான் சொல்றேன். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதும்.”

இருவரும் ஃபோனின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எதையோ அமுக்கினார்கள். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன்.

“எனக்கு?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்குன்னா? நம்பரைப் பாத்தாலே உரக்கப் படிப்பேள்.”

மிஷினிலிருந்து தையல்காரப் பெண்மணி சிரித்தாள். “ஆமா மாமி. சார் கரன்டு பில்லு படிச்சா தெருமுனை இஸ்திரி வண்டி வரிக்கும் கேக்குது.”

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. அது எந்த எண்ணாக இருக்கும்? எங்கள் கல்யாணத் தேதியா? மகள் பிறந்த தேதியா? வாழைக்காய் நறுக்கும்போது, குளிக்கும்போது, கதவுத் தாழ்ப்பாளை இரண்டாம் முறை சரிபார்க்கும்போது எல்லாம் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அலமாரியில் பதினேழு துணிப்பைகள், பதினேழு கூறைப்புடவைகள். ஒவ்வொரு பையிலும் பெண்ணின் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிய ஒரு துண்டுத்துணி ஊசியால் குத்தியிருக்கும். அப்போது ஒரு காலை அந்த அழைப்பு வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கொசுவம் மடித்துக்கொண்டே பேசினாள்.

“மாமி, நமஸ்காரம். மடிசார் தைக்கறேளே, அது விஷயமா…”

“யாருப்பா? கேட்ட குரலா இருக்கே. நங்கநல்லூர் அத்தையாத்துப் பிள்ளையா?”

“ஆமாம் மாமி.”

“அதானே பாத்தேன்! பெங்களூர்லேர்ந்து வந்துட்டியா?”

“வந்துட்டேன் மாமி.”

“தங்கைக்கு நிச்சயம் ஆயிடுத்தா?”

“அதுக்குத்தான் மாமி கூப்பிட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம். உங்காத்துல மடிசார் தலைப்பு இடது தோள் கட்டுதானே?”

“இடதுதான் மாமி.”

இப்போது எழுதும்போது தெரிகிறது, அவன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஊர், உறவு, தங்கை, தோள் எல்லாம் நாங்கள் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் யார் நீ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மரியாதைக் குறைவு. தெரிந்தவரைத் தெரியாதது போலக் கேட்டுவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாது. அதனால் கேள்வியோடு பதிலையும் நாமே கொடுத்துவிடுவோம். எதிரில் இருப்பவன் ஆமாம் சொன்னால் போதும். உலகத்தில் எந்தப் பூட்டைப் போட்டு என்ன, வாசலில் நின்று நாமே அவனுக்குப் பெயர் வைத்து உள்ளே அழைக்கிறோம்.

அப்போது எனக்கு இது தோன்றவில்லை. யாரிடமோ இப்படிக் குழைந்து பேசுகிறாளே என்று உட்கார்ந்திருந்தேன். அவன், கல்யாணத்துக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருப்பதாகவும், மாமியையும் சேர்ப்பதாகவும், இப்போது ஆறு நம்பர் ஒன்று மெசேஜில் வரும், அதைச் சொல்லுங்கள் என்றும் சொன்னான்.

ஆறு நம்பர் என்றதும் நான் நிமிர்ந்தேன். இவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். எனக்குச் சொல்லாத எண்ணை எவனுக்கோ சொல்கிறாளே என்று வயிறு எரிந்தது. ரகசிய எண் அதுதான் என்று நினைத்து மனப்பாடம்கூடச் செய்துகொண்டேன். இல்லை. அவள் படித்தது கம்பெனி அனுப்பிய எண், முதல் பூட்டின் சாவி. அதைத்தான் கொடுத்துவிட்டாள்.

அதற்குள் கீழே கேட்டில் கூரியர்காரர் கூப்பிட்டார். அவள் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுப் பார்சல் வாங்கப் போனாள். உடனே மறுபடி அடித்தது. நான் எடுத்தேன்.

“மாமாவா? நமஸ்காரம் மாமா. நீங்க இருக்கேளா, நல்லதாப் போச்சு. அங்கே எல்லாம் நீங்கதானே பாத்துக்கறேள்?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“ஆமாம்,” என்றேன்.

“இன்னொரு ஆறு நம்பர் கேக்கறது மாமா. மாமிக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க வெச்சிருப்பேள்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் என் வீட்டு எண் எனக்குத் தெரியாது, அடையாறில் ஒருவரைக் கேளுங்கள் என்று முன்பின் அறியாத பையனிடம் எப்படிச் சொல்வது? கல்யாணத் தேதியைச் சொன்னேன்.

“தப்புன்னு வரது மாமா.”

மகள் பிறந்த தேதியைச் சொன்னேன்.

“இதுவும் இல்லையே.”

மனைவி பிறந்த தேதி. அதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவன்மேல் இல்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு முக்கியமான தேதி வேறு எது? நான் ஓய்வு பெற்ற தேதியைச் சொன்னேன். அதுவும் இல்லை. என் மனைவியின் ரகசியத்தை நானும் ஒரு திருடனும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தோம்.

“மாமா, நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றான்.

“யோசிச்சுண்டுதான் இருக்கேன். நீ வேணா எதாவது போட்டுப் பாரேன்.”

பிறகு வேறு குரலில், “யோவ், உனக்குத் தெரியுமா தெரியாதா?” என்றான்.

மிஷின் நின்றது. தையல்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், போன்ல யாருக்கு ஜாதகம் சொல்லிக்கினு கீறீங்க?”

மனைவி பார்சலோடு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ஃபோனை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய வாட்ஸ்அப் வேறு கருவியில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று திரையில் இருந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

“பதினேழு பொண்ணுன்னா,” என்றாள். “என் பேரை வெச்சுண்டு அவன் அவாளையெல்லாம் பணம் கேட்டா? நான் கேட்டேன்னு நெனச்சுப்பாளே. கல்யாண ஆத்துல போய்…”

தோளைத் தொடலாம் என்று எழுந்தேன். அவள் அதற்குள் என் ஃபோனை எடுத்து அடையாறுக்கு அடித்துவிட்டாள்.

ஷட்டகர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “எத்தனை நம்பர் சொன்னீர் ஓய்?” என்றார்.

“நாலு.”

“பேஷ்! தப்புத் தப்பாப் போடப்போட ரெண்டாவது பூட்டு இறுகிண்டே போகும். கொஞ்ச நேரத்துக்கு அவனால உள்ளே போக முடியாது. உமக்குத் தெரியாம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரும்!”

பாராட்டுத்தான். ஆனால் அறியாமைக்காக ஒருவனைப் பாராட்டுவதில் எத்தனை சந்தோஷம் அந்த மனிதருக்கு. அவன் கேட்டபோது அந்த எண் எனக்குத் தெரிந்திருந்தால் முதல் மூச்சிலேயே சொல்லியிருப்பேன் என்பதும் நிஜம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது பூட்டை அவன் திறப்பதற்குள் இவள் மறுபடி தன் ஃபோனிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்கும் கம்பெனி புது எண் அனுப்ப வேண்டும். நிறைய முயற்சி நடந்துவிட்டதால் காத்திருக்கச் சொன்னது திரை. காத்திருக்கும் நேரத்தில் பதினேழு பேரையும் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு, மாமி பெயரில் என்ன செய்தி வந்தாலும் இப்போதைக்கு நம்பாதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்றார் அவர். மனைவியின் ஃபோன் புது எண்ணுக்காகச் சும்மா இருக்க வேண்டும். எங்கள் இருவர் ஃபோனிலிருந்தும் கூப்பிடலாம். பதினேழை இரண்டாகப் பிரித்தால் ஒருவருக்கு ஒன்று கூட வரும். அந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். அவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “ஆமாம்மா, அடையாறு மாமாதான்! எப்படி இருக்கே? மாப்பிள்ளை வந்தாச்சா?” போன மாதம் பாதிப் பேருக்கு இவர்தான் அளவு எழுதும் படிவத்தை ஃபோனில் அனுப்பிப் புரியவைத்தாராம். இது எனக்குத் தெரியாது. ஞாயிறு மட்டும்தான் வருகிறார் என்று கணக்கு வைத்திருந்தேன்; ஃபோனில் வருவதை எண்ணவில்லை.

நான் பால்கனிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

“மயிலாப்பூர் மாமியாத்துலேர்ந்து பேசறேன்.”

“யாரு, மாமியோட தம்பியா?”

“இல்லை, ஆத்துக்காரர்.”

“ஓ,” என்று ஒரு இழுப்பு. அடுத்த அழைப்பிலும் அதேதான். நான்காவது பெண் எடுத்த எடுப்பிலேயே, “அடையாறு மாமாதானே? குரல் ஒரு மாதிரி இருக்கே, ஜலதோஷமா?” என்றாள். எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம் என்றேன். அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், மிளகு ரசம் சொன்னாள், நான் சொன்ன எச்சரிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. காலையில் அந்தப் பையன் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். ஒரு ஆமாம்.

கடைசிப் பை மேற்கு மாம்பலத்துப் பெண்ணுடையது. அவளுடைய அம்மா எடுத்தாள்.

“மாமியோட ஆத்துக்காரரா? மாமிக்கு ஆத்துக்காரர் இருக்காரா?”

“இருக்கேன்.”

“எனக்குத் தெரிஞ்சு அங்கே பேசறவா மாமியும் அடையாறு மாமாவும்தான். நீங்க யாருன்னு நான் எப்படி நம்பறது? எம்பொண்ணு பேரென்ன சொல்லுங்கோ.”

துண்டுத்துணியைப் பார்த்துச் சொன்னேன்.

“புடவை என்ன கலர்?”

பை கூடத்தில் இருந்தது. துணியை மட்டும்தான் கழற்றி எடுத்து வந்திருந்தேன். “அரக்கு,” என்றேன். கூறைப்புடவை அரக்கில்லாமல் வேறு என்ன?

“மாம்பழக் கலர்!” என்று வைத்துவிட்டாள்.

உள்ளே போனபோது புது எண் வந்திருந்தது. மனைவி அதை அமுக்கினாள். பிறகு இரண்டாவது பூட்டின் ஆறு இலக்கம். பதற்றத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. ஷட்டகர் ஃபோனை வாங்கி, திரையை என் பக்கம் படாமல் சாய்த்துக்கொண்டு அமுக்கினார். பச்சை நிறம் வந்தது. இருபத்தோரு செய்திகள் வரிசையாக இறங்கின. எல்லாம் நிஜமான பெண்கள், நிஜமான அளவுகள். அவள் ஃபோனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“இனிமேலாவது சொல்லலாமா, என்ன எண் அது?” என்றேன்.

“அக்காவோட பிறந்த நாள்,” என்றாள்.

காலமானவளிடம் பொறாமைப்பட முடியாது. அதனால் அவளுக்கு உரியதையும் சேர்த்து அவள் கணவர்மேல் வைத்தேன். “பிறந்த நாளா? தொலைபேசித் துறையில இருந்தவர் வெக்கற பூட்டா சார் இது? குடும்பத்தைத் தெரிஞ்ச எவனும் போட்டுப் பாத்திருப்பான். நான் சொன்ன நாலும் தேதிதான். அஞ்சாவதா உங்காத்து மாமி பிறந்த நாள் எனக்குத் தோணியிருந்தா?”

அவருக்கு முகம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. விடாமல் இன்னொன்றும் சொன்னேன்: “இனிமே யார் கூப்பிட்டாலும் நாமளா உறவு சொல்லக் கூடாது. அவா சொல்லட்டும், நாம காத்திருக்கணும். சந்தேகம்னா வெச்சுட்டு, நமக்குத் தெரிஞ்ச நம்பர்ல நாம கூப்பிடணும். மெசேஜ்ல வர நம்பர் பெருமாளே கேட்டாலும் கிடையாது.”

மனைவி கவனமாகக் கேட்டாள். பிறகு, “அத்திம்பேர், இவர் சொல்றது சரிதானா?” என்றாள்.

“ரொம்ப சரி,” என்றார் அவர்.

“அப்ப ரெண்டு பேரும் பால்கனிக்குப் போங்கோ. புது நம்பர் வெக்கப் போறேன். யாருக்கும் சொல்லப் போறதில்லை.”

“மறந்துட்டா?” என்றோம் இருவரும் ஒரே குரலில்.

“மறந்தா மீட்டுக்க ஈமெயில் கேக்கும். அதுவும் என் ஈமெயில். போங்கோ.”

பால்கனியில் இருவரும் கொடியில் காயும் துணியைப் பார்த்தபடி நின்றோம். கதவு சாத்தியிருந்தது. அவரும் வெளியே நிற்கிறார் என்பதில் எனக்கு உண்டான திருப்தியைச் சொல்லி மாளாது. “காத்து நன்னா வரது,” என்றார். “எப்பவும் வரும்,” என்றேன்.

கதவைத் திறந்தபோது மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரப் பெண்மணி மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். “வாங்க சார், உங்களப் பத்தித்தான் கம்ப்ளெயின்ட் வந்துகீது.”

மேற்கு மாம்பலத்திலிருந்து செய்தி. மனைவி உரக்கப் படித்தாள்: “மாமி, எவனோ உங்க ஆத்துக்காரர்னு சொல்லிண்டு கூப்பிட்டான். புடவை கலர்கூடத் தெரியலை. கட் பண்ணி, அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேன். ஜாக்கிரதையா இருங்கோ.”

ஷட்டகர் சிரித்த சிரிப்பில் அந்த இருபத்தெட்டுப் பல்லையும் எண்ணிவிடலாம். நான் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று அவள் பதில் எழுதுவதைப் பார்த்தேன். அந்த அம்மாள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. காலையில் எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் இவ்வளவு அமர்க்களம் நடந்திருக்காது. அது நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது.

“ரொம்ப சரியாப் பண்ணினேள். எல்லாரும் இப்படித்தான் ஜாக்கிரதையா இருக்கணும். புடவை வியாழக்கிழமை ரெடி.” பத்து வார்த்தை. அதற்குக் கீழே: “அது அவர்தான்.”

“எனக்கு ரெண்டே வார்த்தையா?” என்றேன்.

“வேற என்ன எழுதணும்?”

யோசித்தேன். அதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.